பார்த்தலும் காண்டலும்

என் மேசை இழுப்பறையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. இரண்டிலும் என் தாயாரின் இரைப்பையின் உட்புறப் படங்கள் அச்சிடப்பட்டுள்ளன. முதலாவது தாளுக்கும் இரண்டாவது தாளுக்கும் இடைப்பட்ட காலம் 13 மாதங்கள். முதலாவதின் அடியில், குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவுமில்லை, இலேசான அழற்சி மட்டுமே உண்டு என்ற பொருள்பட ஒரேயொரு வரி காணப்படுகிறது. இரண்டாவதின் அடியில் நீண்டதொரு பந்தி. இவ்விரு தாள்களுக்கும் இடையே நிகழ்ந்தது யாது என அறிய முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை. மருத்துவபீட மாணவர் எழுதவேண்டிய பொருளைக் கலைப்பீட மாணவனொருவன் எடுத்துக்கொண்டமை பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயின், ஒரு பொருளைப் பார்த்தல் என்பது யாது, காணல் என்பது யாது என்னும் வினா எமது பீடத்துக்கும் உரியதேயாகும்.

என் தாயார் வடமராட்சியில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் ஆசிரியை. நெஞ்செரிவும் மேல்வயிற்று நோவும் அவருக்குப் புதியனவல்ல. "இது வாய்வு மகன், உள்ளி போட்டு ஒரு ரசம் வைச்சுக் குடிச்சால் சரி" என்பதே பல்லாண்டுகளாக அவர் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட மருந்துச் சீட்டு. எரிவு மிகவே, எமது வற்புறுத்தலின் பேரில் ஒரு மருத்துவமனைக்குச் சென்றார். அன்று காலை அகநோக்கிப் பரிசோதனைக்காக வாங்கில்களில் 20 பேர்வரை காத்திருந்தனர். அம்மா உள்ளே சென்று, தொண்டையைத் தடவியபடி வெளியே வந்தபோது நான் வெளியில் வாங்கிய தேநீர் இன்னும் ஆறியிருக்கவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள், குளிசைகள் தந்தார்கள். நாமும் பயப்படவில்லை.

அடுத்த ஆண்டு கொழும்பில் சின்னம்மாவின் வீட்டுக்குச் சென்றிருந்த வேளையில் எரிவு மீண்டும் வந்தது. சின்னம்மாவின் அயலவர் ஒருவர் சொன்னதன் பேரில், யப்பானிலே சில மாதங்கள் பயிற்சி பெற்றிருந்த ஒரு பெண் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். அவர் முதலில் அம்மாவுக்கு ஒரு திரவத்தைக் குடிக்கக் கொடுத்துச் சிறிது நேரம் காத்திருக்கச் செய்தார். பின்பு உள்ளே அழைத்தார். நெடுநேரம் சென்றது. வெளியே வந்த வைத்தியர், "ஒரு சின்ன இடம் வெளிறிக் கிடக்குது தம்பி. எனக்குத் திருப்தியில்லை. அதிலை இழையம் எடுத்து அனுப்பியிருக்கிறன்" என்றார்.

பத்து நாட்களின் பின் நோயியல் அறிக்கை வந்தது. புற்றுநோய். முத்திரை மோதிரக் கலங்கள் எனப்படும் வகையினது. கலத்தினுள்ளே சீதம் நிரம்பி, கருவை ஓர் ஓரத்துக்குத் தள்ளிவிடுவதனால், நுணுக்குக்காட்டியின் கீழ் அக்கலம் முத்திரை பதித்த மோதிரம் போலக் காட்சி தருமாம். நோய்க்கு இத்தனை அழகிய பெயர் இட்டவர் யாரோ என்று அந்த வேளையிலும் என் மனத்தில் ஓர் எண்ணம் ஓடியது. அதற்காகப் பின்னர் வெட்கமுற்றேன்.

நான் முதலாவது தாளை வைத்தியரிடம் நீட்டினேன். அவர் அதனை விளக்கொளியிற் பிடித்து, நான்கு படங்களையும் மாறிமாறிப் பார்த்தார். மூன்றாவது படத்தில் அவரது விரல் நின்றது.

"இஞ்சை பாரும் தம்பி. இது அப்பவும் இருந்திருக்கு."

நான் பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. இளஞ்சிவப்பான சதைச்சுவர், அதில் ஒளியின் மினுக்கம், அவ்வளவே. அவர் பென்சிலை எடுத்துப் படத்தின் ஓரத்தில் ஒரு சிறிய வளையம் இட்டார். அப்போது தெரிந்தது. சிவந்த நிலத்தில், நகக்கண்ணளவில், நிறம் குன்றிய ஓர் இடம். மேடுமில்லை, பள்ளமுமில்லை. அன்று தொட்டு அந்தப் படத்தை எப்போது எடுத்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போய் நிற்கிறது. காணாதிருக்க முயன்றாலும் முடிவதில்லை.

"இந்த எரிவுக்கும் அந்தப் புள்ளிக்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம்" என்று வைத்தியர் மேலும் சொன்னார். "இப்பிடியானது தொடக்கத்திலை ஒரு நோவும் தராது. எரிவு வந்தபடியால் வந்தீங்கள். அது நல்லகாலம்."

சத்திரசிகிச்சை நடைபெற்றது. இரைப்பையின் கீழ்ப்பகுதி அகற்றப்பட்டது. நோய் சீதமென்சவ்வைத் தாண்டவில்லை. அகற்றிய நிணநீர்க் கணுக்களிலும் அது இல்லை. அம்மா இப்போது நாளொன்றுக்கு ஆறு தடவை, சிறு குழந்தைபோலச் சிறிது சிறிதாக உண்கிறார், பாடசாலைக்கும் போகிறார். கதை இவ்வளவில் மங்களமாக முடிந்திருக்கலாம். ஆயின், வைத்தியர் வளையமிட்ட அன்றிரவே நான் ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருந்தேன். முதலில் பரிசோதித்த மருத்துவமனைக்கு நான்கு பக்கங்களில் ஒரு குற்றச்சாட்டு. அந்த 13 மாதங்களில் என்னவெல்லாம் நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதை ஒவ்வொரு வரியிலும் எழுதினேன். குற்றச்சாட்டை உறுதிப்படுத்தச் சான்றுகள் தேவைப்பட்டன. மருத்துவபீட நண்பன் ஒருவனின் உதவியுடன் நூலகத்தில் நூல்களையும் சஞ்சிகைகளையும் புரட்டலானேன். குற்றஞ்சாட்டும் நோக்குடன் வாசிக்கத் தொடங்கிய ஒருவன் வாசிப்பின் முடிவில் எங்கே வந்து நின்றான் என்பதையே இனிக் கூற விரும்புகிறேன்.

நான் முதலில் அறிந்தது, ஆரம்பநிலை என்னும் சொல்லின் பொருளையே நான் பிழையாக விளங்கியிருந்தேன் என்பதாகும். ஆரம்பநிலை என்பது சிறியது என்றோ, அண்மையில் தோன்றியது என்றோ பொருள்படாது. யப்பானின் இரைப்பை அகநோக்கியியலாளர் 1962 இல் வகுத்த வரைவிலக்கணத்தின்படி, புற்றுநோய் சீதமென்சவ்விலோ அதன் கீழ்ப்படையிலோ மட்டும் நிற்குமாயின், அதன் அகலம் எவ்வளவாயினும் அது ஆரம்பநிலையே. ஆழமே அளவுகோல். அந்நிலையிற் கண்டுபிடிக்கப்பட்டு அகற்றப்படுவோருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். அதே அறிஞர்கள் தோற்றத்தைக் கொண்டு அதனை மூன்றாக வகுத்தனர். மேலெழுந்து நிற்பது முதலாம் வகை. மேற்பரப்போடு படிந்தது இரண்டாம் வகை. குழிந்த புண்ணாக இருப்பது மூன்றாம் வகை. இரண்டாம் வகையை மேலும் மூன்றாகப் பிரித்தனர்: சற்றே உயர்ந்தது, சற்றே தாழ்ந்தது, இவற்றுக்கு நடுவே உயர்வோ தாழ்வோ இன்றித் தட்டையாகக் கிடப்பது. அம்மாவினது இந்த நடுவினது. வகுத்தவர்களே காண்பதற்கு மிக அரிதெனக் கருதிய வகை அது.

யப்பானியர் இதில் முன்னின்றமைக்குக் காரணம் உண்டு. அந்நாட்டில் இரைப்பைப் புற்றுநோய் நீண்டகாலம் புற்றுநோய் மரணங்களுள் முதலிடம் வகித்தது. முற்றிய பின்னரே நோயாளர் வந்தனர். 1950 இல் தோக்கியோப் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த தத்சுரோ உஜி என்னும் சத்திரசிகிச்சையாளர், ஒலிம்பஸ் நிறுவனத்தின் பொறியியலாளர் முத்சுவோ சுகியுரா முதலியோருடன் இணைந்து, விழுங்கக்கூடிய ஒரு சிறு புகைப்படக் கருவியை ஆக்கினார். வளையும் குழாயொன்றின் நுனியில் வில்லையும் விளக்கும் மெல்லிய படச்சுருளும் அமைந்திருந்தன. அக்கருவியால் படம் எடுக்கலாமேயன்றி, எடுப்பவர் உள்ளே எதையும் பார்க்க முடியாது. இருட்டறையில் நோயாளியின் வயிற்றுச் சுவரினூடாகத் தெரியும் விளக்கொளியைக் கொண்டே கருவி எங்கே நிற்கிறது என ஊகித்தனர். படச்சுருளைக் கழுவிய பின்னரே பார்வை கிட்டியது. ஒளிநார்களைக் கட்டாக்கி உள்ளேயே நேராகப் பார்க்கும் கருவியை அமெரிக்காவில் பசில் ஹேர்ஷோவிற்ஸ் 1957 இல் பயன்படுத்திக் காட்டிய பின்னரே அந்தக் குருட்டுநிலை மாறலாயிற்று.

இதே காலப்பகுதியில் ஷிரகபே என்னும் வைத்தியரும் அவரது தோழரும் எக்ஸ்-கதிர் முறையைத் திருத்தியமைத்தனர். முன்னர் நோயாளிக்குப் பேரியக் கரைசலை நிறையக் கொடுத்து, இரைப்பையின் புறவடிவை மட்டும் நிழலாகப் பார்த்தனர். இவர்களோ சிறிதளவு பேரியத்தையும் காற்றையும் சேர்த்துச் செலுத்தினர். காற்று இரைப்பையை விரித்தது. பேரியம் மெல்லிய பூச்சாகப் படிந்து சீதமென்சவ்வின் நுண்ணிய பள்ளங்களில் தங்கியது. சுவரின் புடைப்பும் தாழ்வும் கோடுகோடாகப் படத்தில் வந்தன. 1960 இல் மியாகி மாகாணத்தில் எக்ஸ்-கதிர்க் கருவி பூட்டிய பஸ் வண்டி ஊர்ஊராகச் சென்று, நோவென்று சொல்லாதவர்களையும் சோதிக்கலாயிற்று.

இவ்விடத்தில் நான் வாசிப்பை நிறுத்திச் சிறிது நேரம் சாளரத்தினூடாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கடந்த ஆண்டு சாசனவியல் வகுப்புக்காக வன்னியில் ஒரு பழைய குளக்கட்டருகே கிடந்த கல்லொன்றைப் படியெடுக்கச் சென்றது நினைவுக்கு வந்தது. நண்பகலில் பார்த்தபோது அது வெறுங்கல். எழுத்தே இல்லை என்று நாங்கள் சிலர் சாதித்தோம். விரிவுரையாளர் புன்னகைத்து, மாலை ஐந்து மணிக்கு வாருங்கள் என்றார். சரிந்த வெயிலில் கோடுகள் தலைகாட்டின. மறுநாட் காலையில் கல்லைத் தூரிகையால் தேய்த்துக் கழுவினோம். நனைத்த தாளை அதன்மீது விரித்து, பள்ளங்களில் இறங்கும்படி தட்டினோம். மை ஒற்றியதும் எழுத்துகள் கறுப்பின் நடுவே வெண்மையாக எழுந்தன. முதல்நாள் இல்லையென்று சாதித்தவர்களே மறுநாள் எழுத்துகளின் காலத்தைப் பற்றி வாதிட்டோம்.

கல்லில் நாங்கள் செய்த மூன்றையும் அகநோக்கியாளர் இரைப்பையினுள் செய்கின்றனர். அம்மாவுக்குக் குடிக்கக் கொடுத்த திரவம் நுரையையும் சீதத்தையும் கரைத்துச் சுவரைக் கழுவுவதற்கானது. சந்தேகம் தோன்றும் இடத்தில் இன்டிகோ கார்மைன் என்னும் நீலச் சாயத்தைத் தெளிப்பர். அது இழையத்தினுள் ஊறாது. பள்ளங்களில் மட்டும் தேங்கிப் புடைப்பை விளக்கும். ஒளியையும் மாற்றுவர். நீலமும் பச்சையுமான இரு குறுகிய அலைநீளப் பட்டைகளை மட்டும் பாய்ச்சினால், குருதி அவற்றை உறிஞ்சுவதனால் நுண்ணிய குருதிக்குழாய்களின் கோலம் எடுப்பாகத் தெரியும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக வேண்டியது நேரம். சிங்கப்பூரில் நடத்தி 2015 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சராசரியாக ஏழு நிமிடங்களுக்கு மேல் எடுத்துப் பார்த்த வைத்தியர்கள், விரைந்து பார்த்தவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு ஐயத்துக்குரிய இடங்களைக் கண்டனர். ஏழு நிமிடம்! என் தேநீர் ஆறியிராத அந்தக் காலையை நான் நினைத்துக்கொண்டேன். கடிதத்தில் அதற்கென ஒரு பந்தியையும் சேர்த்தேன்.

ஆனால் மேலும் வாசித்தபோது, நேரமும் கருவியும் மட்டும் போதா என்பது தெரியவந்தது. இயல்புக்கு மாறான தோற்றங்கொண்ட புற்றுநோய்கள் பல உள. அவை ஒவ்வொன்றும் வைத்தியரை ஒவ்வொரு வழியில் ஏமாற்றுகின்றன.

குழிந்த புண்ணாகத் தோன்றும் புற்றுநோய் அவற்றுள் ஒன்று. மருந்து கொடுத்ததும் புண் ஆறினால் அது சாதாரணப் புண்ணே எனக் கருதுவது எவர்க்கும் இயல்பு. ஆயின் ஆரம்பநிலைப் புற்றுநோயின் நடுவிலுள்ள புண்ணும் ஆறும், தழும்பாகும், மீண்டும் திறக்கும். இச்சுழற்சியை 1960களில் முரகாமி முதலிய யப்பானிய அறிஞர் விளக்கினர். நோவு தணிந்தமை நோய் தணிந்தமைக்குச் சான்றாகாது.

இன்னொன்று, பற்றீரியாவை அழித்த பின்னர் தோன்றுவது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் றொபின் வொரனும் பரி மார்ஷலும் 1982 இல் இரைப்பையில் ஹெலிக்கோபற்றர் பைலோரி என இன்று அழைக்கப்படும் பற்றீரியாவைக் கண்டறிந்தனர்; அதற்காக 2005 இல் நோபெல் பரிசு பெற்றனர். யப்பானில் 1,526 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து அவதானித்து 2001 இல் வெளியிட்ட ஆய்வில், இத்தொற்றுடைய 1,246 பேருள் 36 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் தோன்றியது. தொற்றற்ற 280 பேருள் ஒருவருக்கேனும் தோன்றவில்லை. எனவே தொற்றை அழிப்பது பெரும் நன்மையே. எனினும் அழித்த பின்னர் எஞ்சித் தோன்றும் புற்றுநோயின் மேல் இயல்பான கலங்களை ஒத்த மெல்லிய படையொன்று போர்வைபோலப் படர்வதுண்டு. அது புற்றுநோயைப் போலன்றி, ஆறிவரும் அழற்சியைப் போலவே தோன்றும்.

மூன்றாவதே எம் வீட்டுக்கு வந்தது. தொற்று ஒருபோதும் இல்லாத இரைப்பையிலும் மிக அரிதாகப் புற்றுநோய் உண்டாகிறது. யப்பானிய இரைப்பைப் புற்றுநோய்களுள் இத்தகையது நூற்றுக்கு ஒன்று என்ற அளவினதே. அம்மாவுக்கும் தொற்று இருக்கவில்லை. இங்கே முத்திரை மோதிரக் கலங்கள் சீதமென்சவ்வின் நடுப்படையில் பக்கவாட்டாகப் பரவுகின்றன. மேற்பரப்பின் கலங்கள் குலையாமல் அப்படியே இருக்கின்றன. வெளியே தெரிவதெல்லாம் செம்மை குன்றிய ஒரு சிறு திட்டு. அழற்சியற்ற ஆரோக்கியமான இரைப்பை என்ற எண்ணமே பார்ப்பவரின் விழிப்பைத் தளர்த்திவிடுகிறது. இதனை நான் அம்மாவுக்கு என் ஏட்டுத் தமிழில் விளக்க முயன்றபோது, அவர் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "அரிசியிலை கிடக்கிற வெள்ளைக் கல்லு எண்டு சொல்லன்" என்றார். "கறுத்தக் கல்லை ஆரும் பொறுக்குவினம்." நான் வாசித்த விளக்கங்களுள் இதனை விடச் சிறந்ததை இன்னும் காணவில்லை.

வேறு சிலவும் உள. அமிலம் சுரக்கும் சுரப்பிகளை ஒத்த கலங்களாலான ஒரு புற்றுநோயை யுவேயாமா முதலியோர் 2010 இல் தனி வகையாக எடுத்துரைத்தனர். இரைப்பையின் மேற்பகுதியில், கீழிருந்து ஏதோ உந்துவதுபோன்ற வெளிறிய சிறு மேடாக அது நிற்கும். ராஸ்பெரிப் பழம்போலச் சிவந்த சிறு முளையாகத் தோன்றும் இன்னொன்று, தீங்கற்ற முளையெனவே தள்ளிவிடத் தூண்டும். எல்லாவற்றிலும் கொடியது கண்ணுக்கு அறவே தோன்றாதது. நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக இளவயதினர் பலர் இரைப்பைப் புற்றுநோயால் மடிந்தனர். குடும்பத்தவர்களே ஆய்வாளரை நாடினர். ஒற்றாகோப் பல்கலைக்கழகத்து ஆய்வாளருடன் அவர்கள் இணைந்து நடத்திய தேடலின் பயனாக, கலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதமொன்றுக்குரிய பரம்பரையலகின் பழுதே காரணம் என்பது 1998 இல் வெளியாயிற்று. இப்பழுதைச் சுமந்தோருள் சிலர், நோய் தென்படாத நிலையிலேயே முழு இரைப்பையையும் அகற்றத் துணிந்தனர். அகநோக்கியில் மாசற்றதாகத் தோன்றிய அவ்விரைப்பைகளைத் துண்டுதுண்டாக நறுக்கி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தபோது, பலவற்றில் புற்றுநோயின் நுண்ணிய திட்டுகள் சிதறிக் கிடந்தன. அங்கே கண் கைவிட்ட இடத்தில் குடும்பத்தவரின் நினைவே நோயைக் கண்டது.

இவ்வாறாயின் காணக்கூடியவற்றைக் காணும் கண்ணை யப்பானியர் எவ்வாறு பெற்றனர்? விடை எளியது, கடைப்பிடிப்பதோ கடினம். அவர்கள் தம் பிழைகளை ஒருவர்க்கொருவர் காட்டினர். தோக்கியோவில் ஆரம்பநிலை இரைப்பைப் புற்றுநோய் ஆய்வுக்கூட்டம் மாதந்தோறும் கூடிற்று. இரைப்பையும் குடலும் என்னும் பெயரில் 1966 இல் ஒரு சஞ்சிகையும் தோன்றிற்று. கூட்டத்தில் ஒருவர் எக்ஸ்-கதிர்ப் படத்தைக் காட்டுவார். அடுத்து அகநோக்கிப் படம். மற்றவர்கள் தம் கருத்தைச் சொல்வர். இறுதியில் நோயியலாளர், அகற்றிய இரைப்பையை நறுக்கிப் பார்த்து வரைந்த வரைபடத்தை வைப்பார். யாருடைய கண் எங்கே தவறியது என்பது எல்லோர் முன்னிலையிலும் தெரிந்துவிடும். சில வேளைகளில் நோயாளியின் பழைய படங்களைத் தேடியெடுத்து, முன்னரே இருந்ததைத் தாம் காணாது விட்டதையும் காட்டுவர். கொழும்பு வைத்தியர் பென்சிலால் இட்ட வளையம் அந்த மரபில் வந்ததே எனப் பின்னர் விளங்கிக்கொண்டேன்.

பெயரிடுதலிலும் பிணக்குகள் இருந்தன. 1997 இல் வெளியான ஓர் ஆய்வில், 35 இரைப்பை இழையங்களின் ஒரே துண்டுகளை யப்பானிய நோயியலாளர் நால்வரும் மேலைநாட்டார் நால்வரும் தனித்தனியே பார்த்தனர். யப்பானியர் புற்றுநோய் என்றவற்றுட் பலவற்றை மேலைநாட்டார் புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் என்றனர். இப்பிணக்கைத் தீர்க்கவே 12 நாடுகளின் நோயியலாளர் 31 பேர் உடன்பட்டு வகுத்த வியன்னா வகைப்பாடு 2000 இல் வெளியாயிற்று. எம் சைவசித்தாந்த வகுப்பிற் கற்ற அளவையியல் இங்கே நினைவுக்கு வருகிறது. சிவஞான சித்தியார், ஏதோ ஒன்று உண்டு என்ற அளவில் நிற்கும் காட்சியை நிருவிகற்பம் என்றும், பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்பவற்றோடு தெளியும் காட்சியைச் சவிகற்பம் என்றும் பிரிக்கிறது. அவற்றோடு ஐயக்காட்சியையும் திரிபுக்காட்சியையும் கூறுகிறது. பரீட்சைக்காக மனனஞ் செய்த இப்பாகுபாடு ஒருநாள் அம்மாவின் உயிரோடு வந்து பொருந்தும் என நான் எண்ணியதில்லை. முதலாவது படத்தை எடுத்த கண்ணில் அந்த வெளிறல் பட்டே இருக்கும். அதற்கொரு பெயரை அக்கண் அறிந்திராமையால் அது காட்சியாகவில்லை. ஐயமேனும் தோன்றியிருந்தால் ஒரு துணுக்கு இழையம் எடுத்திருப்பார். ஐயத்தை அறியாமையின் அடையாளம் என்றே எண்ணிப் பழகியிருக்கிறோம். ஐயுறவும் கற்றிருக்க வேண்டும் என்பதை இப்போதே உணர்ந்தேன்.

இயந்திரங்கள் இக்குறையைத் தீர்க்கும் எனச் சிலர் கூறுவர். 2018 இல் யப்பானிய ஆய்வாளர் கணினியொன்றுக்கு 13,584 படங்களைக் கற்பித்துச் சோதித்தபோது, 77 புற்றுநோய்களில் 71ஐ அது கண்டுபிடித்தது. வியத்தகு சாதனையே. ஆயினும் அது சுட்டியவற்றுட் பத்தில் ஏழு பங்களவு புற்றுநோயல்ல. அது தவறவிட்டவையோ தேர்ந்த கண்ணுக்கும் அழற்சியிலிருந்து பிரித்தறிய அரியவை. மேலும் அந்த 13,584 படங்களிலும் நோய் இன்ன இடத்தில் உளதென முன்பே வளையமிட்டவை மனிதக் கைகளே. கணினிக்கும் ஆசிரியர் தேவைப்பட்டார்.

இனி, எம் நாட்டுக்கு வருவோம். இலங்கையில் அப்பற்றீரியாவின் தொற்றும் இரைப்பைப் புற்றுநோயும் ஒப்பீட்டளவிற் குறைவு. இது எமது பேறு. ஆனால் அப்பேற்றுக்கு ஒரு விலையும் உண்டு. அரிதாக வரும் நோயை வைத்தியர் அரிதாகவே காண்பர். அரிதினும் அரிதான அதன் தட்டையான, வெளிறிய வடிவத்தைப் பயிற்சிக் காலம் முழுவதும் ஒருமுறையேனும் காணாதிருக்கவும் கூடும். கண்டவர் காட்டாதவிடத்துக் காணாதவர் எவ்வாறு கற்பார்? வைத்தியர் வளையமிடும்வரை நானும் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்?

நான்கு பக்கக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. அதனை ஒரு பக்கமாக்கினேன். ஒரு காலையிற் பரிசோதிக்கும் நோயாளர் தொகையைக் குறைக்கவேண்டும், கழுவும் திரவம் கொடுக்கவேண்டும், எடுக்கும் படங்களைக் கூட்டவேண்டும் என மூன்று வேண்டுகோள்கள் மட்டும். கோபம் முற்றாகத் தணிந்துவிட்டது எனக் கூறின் அது பொய். வாங்கில்களில் இருந்த அந்த 20 பேருள் வேறு எவரேனும் வெள்ளைக் கல்லைச் சுமந்து வீடு சென்றிருப்பரோ என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை. விடுமுறையின்போது கடிதத்தை உரிய இடத்தில் கையளித்தேன். இன்றுவரை பதில் இல்லை.

அன்றே, இரு தாள்களையும் எடுத்துக்கொண்டு முதலிற் பரிசோதித்த வைத்தியரையும் சந்தித்தேன். அவர் என்னைவிடப் பத்து வயதளவே மூத்தவர். நான் வாய் திறக்குமுன், "அம்மா எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டார், செய்தி எட்டியிருக்க வேண்டும். முதலாவது தாளை வாங்கி, வளையமிட்ட படத்தை நெடுநேரம் பார்த்தார். நான் மனப்பாடம் செய்து வந்த வசனங்கள் எதுவும் வாயில் வரவில்லை.

"எனக்கு அண்டைக்கு இது தெரியேல்லை தம்பி" என்றார். "இப்ப வளையம் போட்டிருக்கிறபடியால்தான் தெரியுது."

சற்றுப் பொறுத்து, "இதிலை ஒரு பிரதி தருவீரோ? பேர் ஒண்டும் வேண்டாம். இஞ்சை பழக வாற பிள்ளைகளுக்குக் காட்ட வேணும்" என்றார்.

தாளை அப்படியே பிரதியெடுத்துத் தருவதாகச் சொன்னேன். அவர் தலையசைத்து மறுத்தார்.

"வளையம் இல்லாமல் தாரும். முதல்லை அவை தேடிப் பாக்கட்டும்."

அன்று மாலை வீட்டில் இருந்து, தாளின் பிரதியொன்றில் அந்தப் பென்சில் வளையத்தை மெல்ல மறைத்தேன். மூலத்தாளில் அது அப்படியே இருக்கிறது.